முன்வரிசை நாற்காலி

என் சித்தி அன்னம்மாளுக்குப் பேராசை என்று ஊரே சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் மாதா கோயிலில் பண்ணை வீட்டாருக்கு முன்வரிசையில் சொந்த நாற்காலிகள் இருந்தன. முதுகெல்லாம் திராட்சைக் கொடி செதுக்கி, உச்சியில் இறக்கை முளைத்த சம்மனசு தலை வைத்து, முழந்தாளிட முன்னால் ஒரு பலகையும் பொருத்தியிருக்கும். அவர்கள் வயலில் நாற்று நட்ட நாங்கள் பின்னால் பாயில் உட்காருவோம். தானும் அப்படியொரு நாற்காலி போட்டு முன்னால் உட்கார வேண்டும், அவ்வளவுதான் சித்தியின் ஆசை.

புருஷன் போன பிறகு சென்னைப் பக்கம் பாடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சோறு வடிக்கச் சேர்ந்தாள். ஏழு வருஷம் ஒரு நல்ல புடவை வாங்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில், கள்ளிக்குப்பம் ஆசாரி கங்காதரனிடம் தேக்கில் செய்யச் சொன்னாள். அந்த மனுஷன் சம்மனசை எங்கே பார்த்தார்! தன் மகளின் சப்பை மூக்கையே அதற்கும் வைத்துவிட்டார். சித்திக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம்.

நாற்காலி ஒரே ஒரு ஞாயிறுதான் முன்வரிசையில் இருந்தது. பண்ணை வீட்டு அம்மா அன்று சாமியார் தரும் நன்மை அப்பத்தைக்கூட வாங்காமலே எழுந்து போனார். அடுத்த வாரம் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: ஆண்டவர் முன் எல்லாரும் சமம், இனி யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது, பொதுவாகப் பெஞ்சு வரும்.

பூசை முடிந்ததும் சித்தி அவரை வாசலில் மடக்கினாள்.

“இன்னா சாமி, இத்தினி வருசமா அவுங்கோ குந்திகினு இருந்தப்போ இந்த சமம் எங்க போச்சு? நான் வந்து குந்தினதும்தான் நெனப்பு வந்துச்சா?”

“பெஞ்சு வரட்டும் அன்னம்மா. நீ முதல் பெஞ்சிலேயே உட்காரு. யார் கேக்கறாங்கன்னு நான் பாத்துக்கறேன்” என்றார். நல்ல மனுஷர்தான். நல்லவராக இருந்து என்ன பிரயோசனம்?

பண்ணை வீட்டு நாற்காலிகள் அவர்கள் கூடத்துக்குப் போயின. சித்தியுடையது குடிசை வாசலில் நுழையவில்லை. வெளியே கோணி போர்த்தி வைத்தாள்.

பெஞ்சு வந்த ஞாயிறு, முதல் பெஞ்சில் பண்ணை வீட்டார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மா எழுந்து பின் பெஞ்சுக்குப் போனார். பிறகு மருமகள்கள். பிறகு பேரப்பிள்ளைகள், ஒவ்வொருவராக. பீடத்திலிருந்து சாமியார் பார்த்தார். பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து பூசையை ஆரம்பித்தார்.

அவ்வளவு நீளப் பெஞ்சில் சித்தி தனியாக இருந்தாள். ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்தாள். பெஞ்சு வந்தும் எங்கள் சனம் ஐம்பது பேர் கடைசியில்தான் இருந்தோம். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். என் புருஷனுக்குப் பண்ணை வீட்டில்தான் வேலை. செபமாலை உருட்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.