பழைய டிஸ்க்கைக் கழற்றாத வீப்ரன்

வீப்ரன் தினமும் காலை ஏழு ஐம்பதுக்குக் கம்ப்யூட்டர் பெட்டியின் வயிற்றில் செருப்பு முனையால் இரண்டு தட்டு தட்டுவார். அதன் பிறகுதான் பொத்தானை அழுத்துவார். உள்ளே பழைய டிஸ்க் டிக், டிக், டிக் என்று முனகும். அது எழுந்திருக்கும் வரை காப்பிக் கோப்பையைத் தொடமாட்டார். "அது கஷ்டப்படும்போது நான் காப்பி குடிக்கலாமா?" என்பார். காய்ச்சலில் கிடந்த மனைவியின் பக்கத்தில் அமர்ந்து இரண்டு கோப்பை குடித்தவர் அவர்.

வயது எழுபத்திரண்டு. வயலில் நீரை உறையவிட்டு ஊரார் சறுக்க வழி செய்யும் நீவால் ஊர் ஐஸ் சங்கத்துக்கு முப்பத்தொரு வருடமாகச் செயலாளர். ஃப்ரீஸ்லாந்தில் வயலில் நீர் பாய்ச்சினால் உறைந்துவிடும் என்ற நாள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. மிச்ச நாளெல்லாம் செயலாளர் தயாராக இருப்பார். எந்த ஊர் முதலில் சறுக்குவதற்கு ஐஸைத் திறந்துவிடுகிறதோ, அடுத்த குளிர்காலம் வரை அந்த ஊர்க்காரன் மார்பை நிமிர்த்தி நடப்பான். போன இரண்டு முறையும் பக்கத்து ஊரான ஆல்டசைல்தான் முந்தியது.

பம்ப், மண்வெட்டி, பட்டாணி சூப்புக்கு என்று முப்பத்தெட்டுத் தொண்டர்கள். அவர்கள் பெயரும் போன் எண்ணும் ஒரே இடத்தில், அந்தப் பெட்டிக்குள் இருந்தன. பழைய அட்டைப் பட்டியலைப் போன வருடம் தன் கையாலேயே பேப்பர் குப்பையில் போட்டார். "காகிதம் தொலையும், மெஷின் தொலையாது." வாட்ஸ்அப் குழு வேண்டாமா என்று கேட்டால், "அதுல ஆல்டசைல்காரன் எவனாவது ஒளிஞ்சிருப்பான்" என்பார்.

டிஸ்க் முனகுவதைக் கேட்டுச் சகிக்காமல் சங்கமே இலையுதிர் காலத்தில் புது டிஸ்க் ஒன்றை வாங்கிக் கொடுத்தது. சீட்டுக்கட்டு அளவு. வீப்ரன் தானே மாட்டினார், தானே சிஸ்டம் ஏற்றினார், பட்டியலையும் அதற்கு மாற்றினார். பழசைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை. ஒருமுறை கழற்றிப் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: தொடங்குவதற்கு டிஸ்க் இல்லை. திரும்ப மாட்டினார், ஓடியது. "புதுசு சோம்பேறி. பெரியவர் பக்கத்துல இருந்தாத்தான் வேலை செய்யுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

புது டிஸ்க்கோடு வந்த தாளை நான்காக மடித்துக் கம்ப்யூட்டர் மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடுவது நின்றது. அந்தத் தாளால் வீப்ரன் அடைந்த பயன் அவ்வளவுதான்.

அவர் மனைவி ஆஃப்கே முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். முனகுகிற எதுவும் எத்தனை நாள் தாங்கும் என்று ஓரளவு தெரியும். டிசம்பர் நடுவில் முனகல் கூடியபோது, இன்னும் ஐந்து வாரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தார். ஆறாவது வாரம், ஜனவரியின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, டிஸ்க் போய்ச் சேர்ந்தது. அன்று காலை ரேடியோ சொன்னது: இரவு மைனஸ் ஏழு, வார இறுதி வரை அப்படியே. இருட்டுவதற்குள் வயலில் நீர் பாய்ந்தாக வேண்டும். வீப்ரன் இரண்டு தட்டு தட்டினார். டிக் இல்லை. இன்னும் இரண்டு தட்டினார்.

பத்தரைக்குள் எல்லா வயரையும் பிடுங்கி எல்லா ஓட்டையிலும் மாற்றிச் செருகியாயிற்று. ஊதியாயிற்று. புது டிஸ்க்கை வெளியே எடுத்து ஸ்வெட்டரில் துடைத்தும் பார்த்தாயிற்று. வெள்ளை எழுத்து அசையவில்லை.

"யெல்மரைக் கூப்பிடு" என்றார் ஆஃப்கே. வியாழன்தோறும் நூலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் யெல்மர். ஆல்டசைல்காரர்.

"அவனையா? செத்தாலும் மாட்டேன்."

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"ஐஸுக்காகத்தானே இந்த அவசரம்?" என்றார் யெல்மர்.

"இல்ல. பேத்தி போட்டோ பார்க்கணும்."

"உங்களுக்குப் பேத்தி கிடையாதே."

"இனிமே பொறக்கலாம்."

"சரி விடுங்க. பழைய டிஸ்க் மாட்டியிருக்கும்போதே புதுசுல சிஸ்டம் ஏத்தினீங்களா?"

"ஆமா. அது குத்தமா?"

"மெஷினை எழுப்பிவிடுற ஃபைல் பழசுலயே போய் உக்காந்துருச்சு. புதுசுல எல்லாம் பத்திரமா இருக்கு, எழுப்பத்தான் ஆளில்ல. பழசைக் கழட்டிட்டு ஆரம்பிக்கணும்னு கூட வந்த தாள்லயே முதல் வரியில போட்டிருக்குமே."

வீப்ரன் மேசைக் காலைப் பார்த்தார். "அப்படி ஒரு தாளே வரல."

சிஸ்டம் ஏற்றிய பென் டிரைவைத் தேட வேண்டும், அதிலிருந்து தொடங்கிப் பழுதுநீக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும், எழுப்பும் ஃபைலைப் புது டிஸ்க்கில் எழுத வேண்டும், பிறகு தொடங்கும் வரிசையில் அதை முதலாவதாக வைக்க வேண்டும். யெல்மர் பொறுமையாகச் சொன்னார். வீப்ரன் ஒவ்வொன்றையும் எதிர்த்து வாதாடிவிட்டுச் செய்தார்.

ஆஃப்கே தன் போனை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டையும் போல அங்கேதான் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. ஊரில் ஒவ்வொருவரையும் அவரவர் நாளில் கூப்பிட்டு வாழ்த்துகிறவர் அவர். பெயருக்குப் பக்கத்திலேயே எண்ணும் எழுதியிருந்தது. மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து ஜனவரியிலிருந்து தொடங்கினார்.

"ஆஃப்கேவா? எனக்கு இன்னிக்குப் பிறந்தநாள் இல்லையே."

"தெரியும், உனக்கு ஏப்ரல். பம்ப்பை எடுத்துக்கிட்டு வயலுக்கு வா."

ஜூலை முடியும்போது வெளியிலிருந்து குரல் வந்தது. "ரொம்ப நேரமா உள்ளயே இருக்கியே, வயிறு சரியில்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. நீ உன் வேலையைப் பாரு."

ஒன்றரை மணிக்கு, செருப்புத் தட்டு இல்லாமலேயே, முனகாமல் மெஷின் எழுந்தது. வீப்ரன் பட்டியலை அச்சிட்டு, மழை படாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, யாரை முதலில் கூப்பிடுவது என்று நின்றார். "முதல்ல வயலை ஒரு பார்வை பார்த்துட்டு வா" என்றார் ஆஃப்கே, தன் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி.

வயலில் பாதி நீர் நிரம்பியிருந்தது. முப்பத்தெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். வீப்ரன் உறையை உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு பெயராக வாசித்துப் பென்சிலால் குறியிட்டார். மூக்கு சிவக்க எல்லாரும் "இருக்கேன்" என்றார்கள். "பாத்தீங்களா, பட்டியல்னா இப்படி இருக்கணும்" என்றார். யாரும் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு நீவால் ஐஸைத் திறந்தது. ஆல்டசைல் பதினொன்றுக்கு. யெல்மர் இங்கேயே சறுக்க வந்து, "பேத்தி எப்படி இருக்கா?" என்று விசாரித்தார். "வளர்றா" என்றார் வீப்ரன்.

சனிக்கிழமை ஆஃப்கே பிப்ரவரிக்குத் தாளைப் புரட்டக் காலண்டரைத் தூக்கினார். அதற்குப் பின்னால், விருந்தாளி எவர் கண்ணிலும் படாதபடி, அதே ஆணியில், பிளாஸ்டிக் உறையோடு, வீப்ரனின் பென்சில் குறிகளோடு அந்தப் பட்டியல் மாட்டப்பட்டிருந்தது.