நெசமா, டூப்பா?

அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய வருஷம், கோடை விடுமுறையில், விழுப்புரத்திலிருந்து பெரியம்மா குடும்பம் முத்தியால்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தது. வழக்கமாக அவர்கள் வந்தால் எல்லோரும் பீச்சுக்குப் போவோம். அந்த முறை பெரியவர்கள் பேசுவதற்கென்றே வந்திருந்தார்கள். என்ன பேச்சு என்பதை அக்காதான் ஒட்டுக்கேட்டு வந்து சொன்னாள். பெரியப்பா தன்னுடைய இரும்புக் கடையில் அப்பாவைச் சேர்த்துக்கொள்கிறாராம். நாங்கள் எல்லோரும் விழுப்புரத்துக்கே குடிபோக வேண்டுமாம்.

விழுப்புரம் எனக்குப் பிடிக்காத ஊர் இல்லை. பெரிய ரயில் நிலையம் இருக்கிறது, பெரியம்மா சமையல் இருக்கிறது. ஆனால் கடல் இல்லை. கடல் இல்லாத ஊரில் சாயங்காலமானால் எந்தப் பக்கம் நடந்து போவார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

பெரியம்மாவின் மகன், எங்களுக்கு அண்ணன் முறை, பள்ளிக்கூட க்விஸ் டீமில் இருந்தவன். அவன் கையோடு ஒரு விளையாட்டைக் கொண்டுவந்திருந்தான். பெயர் ‘நெசமா, டூப்பா’. ஓர் அணி, சரித்திரத்தில் நடந்த விநோதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது உண்மையாகவும் இருக்கலாம், அப்போதே கட்டிவிட்டதாகவும் இருக்கலாம். எதிரணி தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்துவிட்டு, நெசமா டூப்பா என்று ஒரே பதில் சொல்ல வேண்டும். ஏமாந்தால் போச்சு.

அண்ணனும் அவன் தங்கையும் ஒரு பக்கம். அக்காவும் நானும் ஒரு பக்கம்.

"நாங்க ஜெயிச்சா நீங்க விழுப்புரம் வந்துடணும்" என்றான் அண்ணன். பாவம், நாங்கள் கூட இருந்தால் விளையாட ஆள் கிடைக்குமே என்ற ஆசை அவனுக்கு.

"நாங்க ஜெயிச்சா வர மாட்டோம்" என்று அக்கா அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டாள். பெரியவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு குடும்பம் எந்த ஊரில் இருப்பது என்பதை இப்படித்தான் தீர்மானிப்பார்கள் என்று நான் மனதார நம்பினேன்.

நடுவர் அப்பா. முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவரை எழுப்பி உட்கார வைத்தோம். எங்கள் பந்தயம் அவருக்குத் தெரியாது. மில்லை மூடியதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை, தலையை மட்டும் ஆட்டுவார். நடுவருக்கு அது போதும்.

ஆஸ்திரேலியாவில் ராணுவம் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போய் ஈமு கோழிகளோடு சண்டை போட்டதாம், கடைசியில் கோழிகளே ஜெயித்தனவாம். அண்ணன் இப்படிச் சொன்னதும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்து, டூப்பு என்றோம். நெசம். அவனுடைய பொது அறிவுப் புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது. அடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோன போர் ஒன்றைச் சொன்னான். ஒரு மணி நேரத்தில் கல்யாணப் பந்தியே முடியாதே என்று அதையும் டூப்பு என்றோம். அதுவும் நெசம்.

எங்கள் முறை வந்தபோது அக்கா, அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து இறக்கிய யானை ஒன்று கோபித்துக்கொண்டு கடலூருக்கே நீந்திப் போனதாக ஆரம்பித்தாள். யானை கடலில் இறங்குவதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.

எங்கள் கஷ்டம் என்னவென்றால், விநோதம் எல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தோம். நம் ஊரில் என்ன இருக்கிறது? போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி போட்டிருப்பார். தெருப் பலகையில் பிரெஞ்சும் இருக்கும். பஸ்ஸில் ஏறினால் தமிழ்நாட்டு எல்லை வரும், போகும், மறுபடி வரும். எல்லா ஊரும் இப்படித்தான் என்றிருந்தோம்.

அண்ணன் பெரிய மனசு பண்ணி, "கடைசியா ஒண்ணு சொல்லுங்க. இதுல ஜெயிச்சா எல்லாத்துலயும் ஜெயிச்ச மாதிரி" என்றான். அக்காவிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தாத்தா தேய்த்த பேண்ட் சட்டையில் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா என்று பெயர்; சொல்தா வீடு என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. பால்காரர் பால் ஊற்றினார் என்று சொல்வது போலத்தானே இது?

"வெள்ளக்காரன் போயி எவ்வளவோ காலமாச்சு. ஆனா எதிர்வீட்டுத் தாத்தா இன்னிக்கும் பிரான்ஸ் ஜனாதிபதி எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போட்டுட்டு வர்றாரு."

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "இது யாருக்குடா தெரியாது, லூசு."

அண்ணன் குசுகுசுக்கக்கூட இல்லை. "டூப்பு. காலைல லுங்கி கட்டிக்கிட்டு சங்கரா மீனுக்குப் பேரம் பேசிட்டிருந்தாரு. அவரு ஃபிரான்ஸுக்கு ஓட்டுப் போடுறாரா?"

நடுவர் எழுந்தார். ஜன்னலோரம் போய், "என்ன பெரியவரே, ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு, போட்டாச்சு. நம்மாளு எங்க ஜெயிக்கப் போறான். இருந்தாலும் போடணும்ல?"

அண்ணன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். "யாருக்குத் தாத்தா போட்டீங்க?"

"அத வெளிய சொல்லக் கூடாது, முசியே."

வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. இதை அப்பாதான் அண்ணனுக்கு விளக்கினார். விளக்கிக்கொண்டே இருந்தவர், அண்ணன் வாய் திறந்தபடி நிற்பதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் விழுப்புரம் போகவில்லை. அடுத்த வாரமே அம்மா ரெடிமேட் துணிக் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போனார். அப்பா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலைக்குப் போனார். நாங்கள் விளையாட உட்காருவதற்கு முன்பே, தான் வேலைக்குப் போவதாகவும் இங்கேயே சமாளித்துக்கொள்வதாகவும் அம்மா பெரியம்மாவிடம் சொல்லி முடித்துவிட்டார். இது எனக்குத் தெரியவரப் பல வருஷங்கள் ஆயின. அதுவரை குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான்தான்.

விளையாடிய அன்று மாலை பஸ் நிலையத்தில் பெரியம்மா, அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மகன் ஒரு விளையாட்டில் தோற்றதற்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் ஓடிப் போய் அண்ணனிடம் சொன்னேன்: "அடுத்த லீவுக்கு வா. அப்ப வேணா நான் தோத்துடறேன். பெரியம்மாவ அழ வேணாம்னு சொல்லு."