ஓம் போட்ட வேட்பாளர்

மொன்றியல் மாநகரசபைத் தேர்தலுக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு சின்னக் கட்சி என்னிடம் வந்து சொன்னது. அது உண்மைதான், அவர்களிடம் வேறு ஆள் இருக்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு தேர்தல். கோட்-டெ-நெய்ஜ் பகுதியின் மின்கம்பங்களில் என் முகம் தொங்கியது. மீசை அச்சில் நன்றாக விழுந்திருந்ததால் வெற்றி நிச்சயம் என்று நம்பினேன். உலக அரசியல் முழுவதையும் வாசித்துத் தள்ளியவன், ஒரு வட்டாரத்தை வெல்ல மாட்டேனா?

தமிழர் வாக்கு எப்படியும் எனக்குத்தான். மற்ற வாக்குகள் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் இருந்தன. பிள்ளைகளைப் பகலில் அங்கே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் துப்புரவு வேலைக்கும் ஓடும் தாய்மார், அதை மூடிவிடுவார்களோ என்று பயந்திருந்தார்கள். அவர்கள் என் பக்கம் வந்தால் நான் நகரசபை உறுப்பினர். வராவிட்டால் வெறும் படம்.

தேவாலயத்தின் நிலவறையில் கூட்டம். ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு தாய் எழுந்து பிரெஞ்சில் நீளமாகக் கதைத்தார். என் பிரெஞ்சு வாசிப்புக்கு நல்லது; காதுக்குத்தான் எட்டாது. ஒருவர் கதைக்கும்போது "ஓம், ஓம்" என்று தலையாட்டுவது எங்கள் யாழ்ப்பாணத்து மரியாதை. அவர் மூச்சு விட்ட இடமெல்லாம் ஓம் போட்டேன். கடைசியாக, கார்டெரி பற்றி யாரைக் கேட்டு முடிவெடுப்பீர்கள் என்று கேட்டாராம். "ஓம், ஓம்" என்றேன், மிகுந்த கனிவோடு.

பிரெஞ்சில் ஆணுக்கும் 'ஓம்' என்றுதான் சொல்வார்கள்; அவர்கள் காதில் அது "ஆண், ஆண்" என்று விழுந்தது. முன்வரிசையில் ஒருவர் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கழிவறைக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

பின்வரிசையிலிருந்து என் மனைவியும் எழுந்தாள். கார்டெரிச் சமையலறையில் வேலை செய்து பிரெஞ்சு பிடித்தவள். எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'சரி' என்று அர்த்தம், எங்கள் வீட்டில் அதைச் சொல்வது இவர் மட்டும்தான் என்று அவள் விளக்க, மண்டபம் குலுங்கியது. எழுந்தவர்கள் மறுபடி இருந்தார்கள். அதற்குப் பிறகு கேள்விகள் எல்லாம் பின்வரிசைக்கே போயின. நான் மேடையில் தண்ணீர் குடித்தேன்.

தேர்தலில் தோற்றேன். ஆனால் கார்டெரிக்குப் பக்கத்து வாக்களிப்பு நிலையத்தில் நான்தான் முதல். அது என் பேச்சுக்கு விழுந்த வாக்கு என்று ஒரு கிழமை நம்பினேன். பிறகு கட்சித் தலைவர் தொலைபேசியில் வந்து, என்னை நலம் விசாரித்து, மனைவியைக் கூப்பிடச் சொன்னார்.

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, அடுத்தமுறை என்னை நிக்கட்டாம்."

"நில்லுமன். நான் பிரசாரம் செய்யிறன்."

"நோட்டீஸ் குடுக்கிறதெண்டால் குடுங்கோ. கூட்டத்திலை மட்டும் நீங்கள் கதைக்கப்படாது."

அடுத்த தேர்தலில் அவள் வென்றாள். கார்டெரி இன்றும் திறந்திருக்கிறது. சபையின் கேள்வி நேரத்தில் நானும் போய் வரிசையில் நின்று கேட்பேன். உறுப்பினர் எனக்குப் பிரெஞ்சில் பதில் தருவார், வீட்டில் கிடைப்பதைவிட மரியாதையாக.