முழங்கால் உயரத்துக்கு மூடுபனி

கல்யாண வரவேற்பில் மணமக்கள் மேடைக்கு நடந்து வரும்போது அவர்கள் காலடியில் தவழ்வது புகை என்று, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழை அடுத்த தலைமுறைக்கும் போய்விடக் கூடாதே என்ற கவலையில் சொல்கிறேன்: அது புகை அல்ல. புகை வர வேண்டுமென்றால் ஏதாவது எரிய வேண்டும். உப்புமா வேகும்போது எழுவது ஆவி. அடிப்பிடித்த பிறகு எழுவதுதான் புகை. நாங்கள் விடுவது கிளிசரினும் கிளைகாலும் சுத்தமான தண்ணீரும் சேர்ந்த ஒரு திரவம். அது சூடான குழாய்க்குள் ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து, பொடித் துளிகளாக மிதக்கும். மூடுபனி என்பதே சரியான பெயர். இதை ஏழு வருடமாகச் சொல்லி வருகிறேன். எங்கள் வண்டியில் 'புகை மெஷின் வாடகைக்குக் கிடைக்கும்' என்றுதான் எழுதியிருக்கிறது.

அதற்கு முன்னால் நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் டியூஷன் எடுத்தவள். என் தம்பி பாண்டி மைக் செட்டும் லைட்டும் வைத்திருக்கிறான். அவனோடு சேர்ந்து, மேடைத் திரைக்குப் பின்னால் மெஷினும் நானுமாக உட்கார்ந்திருப்பேன். நானூறு கல்யாணங்களை முதுகுப் பக்கத்திலிருந்தே பார்த்தவள் நான். மெஷினின் வயிற்றில் ஒரு டேங்க் இருக்கிறது. அது ஒழுகும். வாட்டர் டேங்கோ, ஸ்கூட்டரோ, கூரையோ, ஒழுகுகிற ஏதாவது ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு என் கதை விளங்கும். மற்றவர்கள் பாக்கியசாலிகள், அவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டேப்போடு வந்தவர்

போன சித்திரைக்கு ஒரு மாதம் முன்னால், தன் கல்யாண வரவேற்புக்கு மெஷின் கேட்டு டேனியல் எங்கள் கடைக்கு வந்தார். நூற்பாலையில் ஃபிட்டர், முப்பது வயதுக்குள் இருக்கும். இடது காலில் அடிப்பாகம் தடித்த ஷூ. சிறு வயதில் லாரி ஏறிய கால். சட்டைப் பையிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்து, தன் முழங்காலுக்குப் பிடித்துக் காட்டினார். "பனி இம்புட்டு உசரம் வரணும்க்கா. இதுக்கு மேல வந்தா மொகம் மறையும், கீழ எறங்குனா ஷூ தெரியும்." பெண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "எஸ்தருக்கு எல்லாம் தெரியும். அவிய சொந்தக்காரவுகதான் நாகர்கோயில்லருந்து மொத தடவையா வாராக. வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாப்பாகள்ல."

அவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் முறை. என் டேங்க் அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தத் திரவம் பளிங்குத் தரையில் ஒரு ஸ்பூன் சிந்தினால் போதும், இரண்டு கால் சரியாக இருப்பவர்களே வழுக்கி விழுவார்கள். அதுவும் பனி மூடிய தரையில் ஈரம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. வேறு மெஷின் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். டேனியல் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "விழுந்தா எந்திரிச்சுக்குவேன்க்கா, பழக்கந்தான். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம்."

இறுக்கிய மூடி

மூடியை எவ்வளவுக்கு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு ஒழுகாது என்று நினைப்பவர்களில் என் தம்பி முதன்மையானவன். டேங்கின் வாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, கடையில் ஓ-ரிங் என்று கேட்டால் தருவார்கள். அது லேசாக அமுங்கி இடைவெளியை அடைக்க வேண்டும். அளவுக்கு மேல் நெருக்கினால் ஒரு பக்கமாகப் பிதுங்கி வழி விட்டுவிடும். இரண்டு விரலால் திருகி, நிற்கிற இடத்தில் விட வேண்டும். பாண்டி பைப் ரெஞ்சு போட்டுத் திருகியிருந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பூப்புச் சடங்கு வீடு. டேனியலுக்கு வரவேற்பு நடக்க இருந்த அதே மண்டபம். விளக்கெல்லாம் நீலமாகி, பனி படிப்படியாக இறங்கி, பட்டுப்பாவாடைச் சிறுமிகள் மேகத்தில் இடுப்பளவு நின்றபோது எனக்கே கொஞ்ச நேரம் கண் சொக்கியது. பிறகு பனி கலைந்தது. சிவப்புக் கம்பளத்தில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பளபளப்பு. மண்டப மேனேஜர் குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் மெஷின் வாசலோடு சரி என்றார். சிரிக்காமலே அடுத்ததையும் சொன்னார். "டீச்சரம்மா, சடங்குத் தண்ணி ஊத்துனது காலையிலயே முடிஞ்சிருச்சு. நீங்க எதுக்கு மேடையில எண்ணெய்க் குளியல் நடத்துதீக?"

கட்டுப் போட்ட மெஷின்

எங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் பேண்டேஜ் துணி வேலையில் இருப்பார்கள். அதனால் இங்கே எது ஒழுகினாலும் முதலில் கைக்கு வருவது மருத்துவமனைத் துணிதான். குழாய் ஒழுகினால் கட்டு, சைக்கிள் டியூபுக்குக் கட்டு. டேங்கின் அடியில் குழாய் சேரும் இடத்தில் ஈரம் தெரிந்ததும், பாண்டி மச்சினனிடமிருந்து ஒரு பெரிய சுருள் வாங்கி வந்து, நான் இல்லாத நேரத்தில் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, முனையை இரண்டாகக் கிழித்து முடிச்சும் போட்டுவிட்டான். கைராசி டாக்டர் போட்டது மாதிரி அழகான கட்டு.

சல்லடை போன்ற அந்தக் கட்டுத் துணியின் குணமே ஈரத்தை உறிஞ்சுவது. உறிஞ்சியதை இழை வழியாகக் கடத்திக் கொண்டுபோய், தொங்குகிற முனையில் சொட்டவிடுவது. திரி எண்ணெயை ஏற்றுவதும் இப்படித்தான். அதுவரை வியர்த்துக்கொண்டிருந்த டேங்க் அன்றைக்குக் குழாய் திறந்த மாதிரி ஆகிவிட்டது. ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. மேடையில் கயிலாய மலை, பனிக்குள்ளே எட்டாம் வகுப்புச் சிவன் கண்மூடித் தவம், பின்னால் கட்டுப் போட்ட மெஷின் பெருமூச்சு விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு தட்டை ஏந்திக்கொண்டே நாடகம் முடிய உட்கார்ந்திருந்தேன். பி.டி. மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "இத எந்த ஆஸ்பத்திரியிலருந்து கூட்டியாந்தீக? இன்னும் ரெண்டு நாள் படுக்கப் போட்டிருக்கலாம்ல?"

வாசனை

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு புது பால்கோவாக் கடை திறப்பு விழா. முதலாளி பனியில் பால்கோவா மணம் வர வேண்டும் என்றார். மெஷினுக்கு எண்ணெய்ப் பசை ஆகாது, ரப்பர் உப்பிவிடும் என்று விளக்கினேன். மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு பாட்டில் எசென்ஸை டேங்கில் கவிழ்த்துவிட்டார்.

அந்தப் பத்து நிமிடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காலை வெயிலில் பனி தெருவுக்கு இறங்கியது. காய்ச்சின பாலும் ஏலமுமாக ஒரு மணம் மெதுவாக நகர்ந்து, துணிக்கடையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடம் வரை போனது. சைக்கிளில் போனவர் ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டார். பூக்கட்டுகிற அம்மாள் நாரைப் பிடித்தபடியே கண்ணை மூடினாள். அப்புறம் டேங்குக்குள்ளே ரப்பர் வளையமெல்லாம் ஊறின அப்பளம் போல் தளர்ந்து, வாசற்படி முழுக்க ஒழுகியது. முதலாளிக்கு அது கண்ணில் படவே இல்லை. அவர் கவலை வேறு. "வெளிய நிக்கவுக வாங்காமலே தின்னுட்டுப் போறாகளே தாயி."

தாள் விரித்தது

டேனியலின் வரவேற்புக்கு நாலு நாள் இருந்தது. டேங்கைக் கழற்றி, பழைய வளையங்களை எறிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று முறை அலசி, புது வளையங்களுக்குச் சொட்டுக் கிளிசரின் தடவி மாட்டினேன். முக்கால் அளவுக்குத்தான் நிரப்பினேன்; சூடானால் உள்ளே காற்று விரியும், அதற்கு இடம் விடாவிட்டால் அது திரவத்தைத் தள்ளும். கீழே செய்தித்தாள் விரித்து மெஷினை நிமிர்த்தி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் தாளில் காசு அளவுக்கு ஈரம். மறுபடி கழற்றினேன், மறுபடி ஈரம். மூன்றாவது தடவையும் ஈரம். வேறு ஆள் பார்க்கச் சொல்லி டேனியலுக்கு போன் செய்தேன்.

அவர் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். எண்ணெய்க் கறை படிந்த விரல். மூடியைத் தொடவே இல்லை. அடிக்குழாயைக் கழற்றி, வளையம் உட்காரும் பள்ளத்தில் கட்டை விரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டினார். பாதிச் சுற்றில் நகம் நின்றது. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், தலைமுடியை விட மெல்லிய ஒரு வெள்ளை இழை. பாண்டியின் கட்டை அவிழ்த்துக் குழாயைக் கழற்றியபோது உள்ளே சிக்கிய நூல். வளையத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, அத்தனை நாளும் துளித்துளியாக வெளியே கடத்திக்கொண்டிருந்திருக்கிறது. துடைத்து மாட்டி, புதுத் தாள் விரித்து, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். சாயங்காலம் வரை தாள் காய்ந்தே கிடந்தது. நம்ப முடியாமல் நான் முட்டி போட்டு ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தேன். பாண்டிக்குப் பொறுக்கவில்லை. "ஒழுகலன்னா எந்திரிக்கா. எம்புட்டு நேரந்தான் தனுசு ராசியத் தடவுவ?"

மூன்று நிமிடம்

பனி முழங்காலுக்கு மேல் எழாமலிருக்க அதைக் குளிர வைக்க வேண்டும். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளை அடுக்கி, நடுவில் குழாயை விட்டால், பனி கனத்துத் தரையோடு போகும். மின்விசிறிகள் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். சித்திரை மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்நூறு பேரை மூன்று நிமிடம் காற்றில்லாமல் உட்கார வைப்பது எளிதல்ல. மேனேஜர் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் காவல் நின்றார். பாண்டி விளக்கைத் தணித்தான்.

திரையில் இருந்த இடைவெளி வழியாகப் பார்த்தேன். பனி வாசலிலிருந்து மேடை வரை ஒரே மட்டமாகப் படர்ந்தது. நாற்காலிகளுக்குக் கால் இல்லை, மனிதர்களுக்கு முழங்கால் இல்லை. மழைக்காலக் காலையில் மலையடியில் மேகம் படுத்துக் கிடக்க, தென்னைகளின் தலை மட்டும் மிதக்குமே, அப்படி எல்லோரும் மிதந்தார்கள். முன்னால் பூக்கூடைச் சிறுமிகள், அப்புறம் எஸ்தரின் சித்திகள், தாய்மாமா, கடைசியில் வெள்ளைப் பட்டுடுத்திய எஸ்தரும் டேனியலும். நாலடி வந்ததும் ஊர்வலம் தயங்கியது. சிறுமிகள் கால் விரலால் தரையைத் தேடினார்கள். சித்திகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். புது ஷூ போட்ட தாய்மாமா மேடைப் படியை உயரத்தில் தேடி, அது தாழ்வில் இருக்க, பூ அலங்காரத் தூணைக் கட்டிப்பிடித்தார். ஐந்து வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவளுக்கு, பனி ஆள் பார்த்துக் காலை மறைக்காது என்பது அதுவரை தோன்றவில்லை.

டேனியல் எப்போதும் நடப்பது போலவே நடந்தார். பாதத்தை வைத்து, தரையை உணர்ந்து, அப்புறம் எடையை மாற்றி. அந்த மண்டபத்தில் தரையைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தவர் அவர் ஒருவர்தான். எஸ்தர் அவர் முழங்கையைப் பற்றியிருந்தாள். படியில் அவர் முதலில் ஏறி, நின்று, கையை நீட்டினார். விசிறிகள் சுழன்றன, பனி கலைந்தது. நான் வெள்ளைத் துண்டை எடுத்துப் போய் மெஷினைச் சுற்றித் தரையைத் துடைத்தேன். துண்டு காய்ந்தே இருந்தது. திரும்பும்போது, முன் வரிசையில் தாய்மாமா வேர்வையைத் துடைத்தபடி பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வது கேட்டது. "எங்க அம்புட்டுப் பேருக்கும் காலு எங்க கெடக்குன்னே தெரியல. மாப்பிள்ளை ஒருத்தர்தான்யா ஒழுங்கா நடந்து வந்தாரு."

ஏழு வருடத்தில் நான் தெரிந்துகொண்டது, டேங்க் ஒழுகினால் ஊருக்கே தெரியும், ஒழுகாவிட்டால் அப்படி ஒரு டேங்க் இருந்ததே யாருக்கும் தெரியாது என்பதுதான்.

மறு வாரம் மண்டபத்தில் மேடைப் படிகளுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துவிட்டார்கள்.