முதல் போணிக்கு எழுதிக்கொடுத்த கணக்கு

அந்த டைல்ஸ் கடைக்காரரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. தாம்பரத்தில் அவர் கடைப் பக்கம் போகவேண்டி வந்தால் எதிர் வாடையில்தான் நடப்பேன். கொட்டுகிற மழையிலும் அந்தக் கடை வாசலில் ஒதுங்கியதில்லை. ஆனால் கத்தியைத் தீட்டி அவர் கையில் கொடுத்தவன் நான்தான். அதையும் சொல்லாமல் விட்டால் நான் அவரைவிட மோசமானவனாகிவிடுவேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் இரும்புலியூரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், மழை வந்தால் செத்துப்போகிற டெலிபோன் லைன். ஜி.எஸ்.டி. ரோடு வியாபாரிகளுக்கு வெப்சைட் என்றால் என்ன என்று விளக்கியே தொண்டை வறண்டுவிடும். "போர்டு மாதிரிண்ணா, ஆனா கம்ப்யூட்டர்ல தெரியும்" என்பேன். "அதான் கடை வாசல்லயே போர்டு கீதே" என்பார்கள்.

முதன்முதலில் சரி என்று தலையாட்டியவர் இந்த டைல்ஸ் கடைக்காரர். குளியலறை டைல்ஸ், வாஷ்பேசின், குழாய் எல்லாம் விற்கிற பெரிய கடை. வெப்சைட்டைச் செய்தால் போதாது, அதை வைக்க இணையத்தில் ஒரு கம்பெனியிடம் இடம் வாங்க வேண்டும். அதற்குத்தான் ஹோஸ்டிங் என்று பெயர். ஒரு கணக்கு வாங்கினால் அதில் எத்தனை சைட் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. கணக்கைத் திறக்கும்போது இரண்டு கட்டங்களை நிரப்பச் சொன்னது. முதன்மைச் சைட் எது, உரிமையாளரின் ஈமெயில் என்ன.

மண்டையில் மூளை உள்ளவன் தன் பெயரை எழுதியிருப்பான். நான் அவர் கடையின் பெயரையும் அவருடைய ஈமெயிலையும் எழுதினேன். ஏனென்றால் அவர் என் முதல் போணி. கைராசிக்காரர் என்று மார்க்கெட் முழுக்கப் பேச்சு. பூக்காரம்மா காலையில் முதல் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரில் பிறந்தவன் நான், எனக்கு மட்டும் வேறு புத்தியா வரும்? ராகுகாலம் கழிந்ததும் கற்பூரம் காட்டி, அவர் விரலாலேயே மவுஸை அழுத்தச் சொன்னேன்.

ராசி வேலை செய்தது, அதுதான் வயிற்றெரிச்சல். டிரைவிங் ஸ்கூல் வந்தது, கல்யாண மண்டபம் வந்தது, நர்சரிப் பள்ளி வந்தது. எல்லாவற்றையும் அந்த ஒரே கணக்கில் அடைத்தேன். வெளியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. உள்ளே எல்லாமே டைல்ஸ் கடைச் சைட்டுக்கு அடியில் ஆளுக்கொரு ஃபோல்டர். டைல்ஸ் கடை முகவரியை அடித்து, அதன் பின்னால் ஒரு கோடு போட்டு அந்த ஃபோல்டரின் பெயரைச் சேர்த்தால் அந்தச் சைட்டும் திறக்கும். எனக்கு இது தெரியும். எவன் மெனக்கெட்டு அப்படி அடித்துப் பார்க்கப்போகிறான் என்று விட்டுவிட்டேன்.

மாடம்பாக்கத்து அக்கா வந்தது அதற்கப்புறம். அவருடைய மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பள்ளி, காதுக்கருவியைப் பிள்ளை பிடுங்கிப் போட்டால் என்ன செய்வது என்று அலைந்து அலைந்து அவராகவே கற்றுக்கொண்டவர். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் தமிழில் கேள்வி கேட்கவும் தான் பதில் எழுதவும் ஒரு சைட் வேண்டும் என்றார். கேட்பவர்களின் பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளலாமே என்றேன். "வேணாம் தம்பி. பேர் கேட்டா பாதிப் பேர் கேக்கவே மாட்டாங்க. எங்க வீட்லயே அப்படித்தான் இருந்துச்சு" என்றார். அப்போதே தனக்குத் தனிக் கணக்கு எடுக்கலாமா என்றும் கேட்டார். "எதுக்குக்கா வீண் செலவு? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மூன்று வருடம், மகள் பள்ளிக்குப் போன பிறகு மத்தியானங்களில், ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதினார். திருநெல்வேலியிலிருந்து கேட்டார்கள், துபாயிலிருந்து கேட்டார்கள். அத்தனையும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. வாராவாரம் அதை நகல் எடுத்து வைக்க ஏற்பாடு செய்திருந்தேன். நகலையும் அதே கணக்கில்தான் வைத்தேன். பீரோச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே போட்டுப் பூட்டுகிறவனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

இப்படி இருக்கும்போது இன்னொரு டைல்ஸ் கடைக்காரர் சைட் கேட்டு வந்தார். முதல் கடைக்காரருக்கும் இவருக்கும் ஜென்மப் பகை. வந்த லட்சுமியை விடுவானேன் என்று அவரையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

முதல் கடைக்காரரின் மச்சான் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன். ஒருநாள் சும்மா இருக்காமல் கடைக்காரரின் ஈமெயிலை வைத்து அந்தக் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறான். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"என் வூட்டுக்குள்ளயே அவனுக்கு ரூம் போட்டுக் குடுத்துக்கீறியா?" என்றார் கடைக்காரர்.

"அது தனி ஃபோல்டர்ண்ணா. வெளியில யாருக்கும் தெரியாது."

"என் கடை பேர்ல ஆரம்பிக்குது, அவன் டைல்ஸ் தெரியுது. இன்னா தெரியாது? ஞாயித்துக்கெழமைக்குள்ள அவன் அங்க இருக்கக் கூடாது."

எடுத்துவிடுகிறேன் அண்ணா என்று சொல்லியிருந்தால் வேறு இடத்துக்கு மாற்ற அரை நாள் வேலை. ஆனால் அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. யாரிடம் வந்து அதிகாரம் பண்ணுகிறார் என்று சுர்ரென்று ஏறியது. "எடுக்க முடியாது. உங்களால ஆனதப் பாத்துக்குங்க" என்று போனை வைத்தேன். அன்று அது எனக்கு வீரமாகத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்கா கூப்பிட்டார். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தாராம். இரண்டு வயதுப் பையன். காதுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் எழுதுகிற கட்டம் இவ்வளவுக்குப் போதாது, கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டார். "இது அவசரத்துல எழுதற பதில் இல்ல தம்பி. இன்ஷா அல்லாஹ், யோசிச்சுத் திங்கக்கிழமை எழுதறேன்" என்றார். கட்டத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, என் சைட்டத் தொறந்தா பாத்ரூம் டைல்ஸ் வருது" என்றார்.

பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே கடைக்குப் போனேன். கல்லாவில் அவர், பக்கத்து ஸ்டூலில் மச்சான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒன்றுவிடாமல் அழித்திருக்கிறார்கள். "குப்பையெல்லாம் கூட்டித் தள்ளிட்டோம் சார்" என்றான் மச்சான். "அந்த அட்ரஸுக்கு வர்றவன் எல்லாம் நம்ம கடையப் பாக்கட்டும்னு திருப்பி வுட்டேன்." சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டினான். காது கேட்காத பிள்ளைகளைப் பற்றி, அந்த அக்காவைப் பற்றி நான் சொன்னதைக் கடைக்காரர் குழாய் ஒன்றைத் துடைத்தபடி கேட்டார். "அந்தம்மா யாருன்னு எனக்கு இன்னா தெரியும்? என் கணக்கு. எடுத்தேன். நீதான சொன்ன, ஆனதப் பாத்துக்கோன்னு" என்றார்.

விடுவேனா நான். ஹோஸ்டிங் கம்பெனிக்கு மெயிலுக்கு மேல் மெயில் எழுதினேன். கணக்கின் உரிமையாளர் அவர், உங்களிடம் பேச எங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரே பதிலைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். தினமும் கடை வாசலில் போய் நின்றேன். வியாபாரிகள் சங்கத்தில் பெரியவர் ஒருவரைப் பிடித்துப் பேசவைத்தேன். கடைக்காரர் வாயாலேயே தப்பு என்று சொல்லவைக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு திரிந்தேன். அவர் கடைசிவரை சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூல், மண்டபம் வகையறாக்களின் பக்கங்கள் என் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. திட்டிவிட்டு, அவற்றை வாங்கிப்போய் வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். அக்காவின் கேள்விகளும் பதில்களும் மட்டும் எங்கேயும் இல்லை.

பத்து நாள் கழித்து, அக்காவின் பெயரிலேயே புதுக் கணக்கு ஒன்று எடுத்து, பழைய சைட் முகவரியே அதில் போய்த் திறக்கும்படி மாற்றிவிட்டு மாடம்பாக்கம் போனேன். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். திட்டியிருந்தால் எனக்கும் பேச ஏதாவது கிடைத்திருக்கும். அவர் டீ கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வெறும் பக்கத்தில் முதல் வரியாக, 'ஆபரேஷன் பற்றிக் கேட்ட மதுரை அம்மாவுக்கு' என்று அடித்தார். மகள் வந்து தோளில் சாய்ந்து நின்று அம்மாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் நீளமாக இருந்தது. முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இந்த அட்ரஸ மாத்தறதுக்கு அந்தக் கடைக்காரர்கிட்டயோ அந்தக் கம்பெனிகிட்டயோ கேக்கணுமா தம்பி?"

"இல்லக்கா. முகவரி தனியா உங்க பேர்ல வாங்கினது. அத நானே மாத்தலாம்."

"அப்ப திங்கக்கிழமையே மாத்தியிருக்கலாமா?"

மாற்றியிருக்கலாம். அரை மணி நேர வேலை. அழிந்ததைத் திரும்பக் கொண்டுவந்திருக்க முடியாதுதான். ஆனால் அந்த ஒரு பதிலை எழுத அவருக்கு ஒரு பக்கம் அன்றே கிடைத்திருக்கும். நான் அந்த நாட்களையெல்லாம் டைல்ஸ் கடை வாசலில் நின்று கழித்தேன்.

"மாத்தியிருக்கலாம்க்கா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. திரையைப் பார்த்தபடியே, "ஒரு வாரத்துக்குள்ளன்னு எழுதியிருந்தாங்களே தம்பி" என்றார்.