அரை நொடி தாமதமாகத் திரும்புகிறவன்

“உங்க பேரு இதுதானா சார்?”

கேட்டவர் ஒரு கால்பந்துப் போட்டியின் கமிட்டித் தலைவர். கேட்ட இடம், குடவாசலுக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த ஒரு வயல். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அரையிறுதி ஆட்டத்தின் இடைவேளை. அவர் கையில் நான் எழுதிக் கொடுத்த புகார்க் கடிதம். அதன் அடியில் என் கையெழுத்து.

சாதாரணக் கேள்விதான். உங்களைக் கேட்டிருந்தால் பட்டென்று ஆமாம் என்றிருப்பீர்கள். எனக்கு வியர்த்துவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால்... என் கால்பந்து வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், சின்ன வாழ்க்கைதான்.

பதினோரு வருஷம் ஆடினேன். சென்னையில் நாலாவது டிவிஷன் கிளப் ஒன்றில் ஒன்றரை சீசன். அதில் பெரும்பகுதி பெஞ்சில். வார்ம்-அப் செய்வதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. பிறகு அந்தக் கிளப்பே கலைந்துபோனது. அதற்கு நான் காரணம் இல்லை — காரணமாகிற அளவுக்கு என்னை யாரும் ஆட விடவில்லை.

மீதி வருஷமெல்லாம் நம் டெல்டாவில்தான். சம்பா அறுத்து முடித்ததும் வயல் கிரவுண்டாகிவிடும். ஊருக்கு ஊர் டோர்னமென்ட். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்: ‘உள்ளூர் வீரர்கள் மட்டும்’. அந்த ஒரு வரியை நம்பித்தான் என் பிழைப்பு ஓடியது. ஏனென்றால், எல்லா ஊரும் சத்தமில்லாமல் வெளியூர் ஆள் இரண்டு பேரை இறக்கும். வெளியூர்க்காரன் உள்ளூர்க்காரனாக வேண்டுமென்றால் ஒரு உள்ளூர்ப் பெயர் வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற எவனாவது ஒருவனின் பெயர், ரேஷன் கார்டில் சும்மாதானே இருக்கும்?

ஆக, நீடாமங்கலத்துப் பக்கம் நான் பாஸ்கர். கோடியக்கரைப் பக்கம் அந்தோணி. அந்தோணி ஆனபோது, கிரவுண்டில் இறங்கும் முன் சிலுவைக் குறி போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ரொம்பப் பக்தியாக இடது கையால் போட்டேன். எதிரணி கோல்கீப்பர் பக்கத்தில் வந்து, “வலது கையிண்ணே” என்று மெதுவாகத் திருத்திவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அவருக்கும் அது சொந்த ஊர் இல்லையாம்.

கல்யாணமான புதிதில் என் மனைவி ஒரே ஒரு முறை என் ஆட்டம் பார்க்க வந்தாள். அன்றைக்குப் பார்த்து நான் கோல் அடித்தேன். ‘கோல் அடித்தவர் நமது ராஜ்குமார்’ என்று மைக்கில் முழங்கினார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவளுக்கு எல்லாம் ஒரே ஜெர்சி. வீட்டுக்கு வரும் வழியில், “அந்த ராஜ்குமார் நல்லா ஆடுறாருங்க. நீங்க ஏன் ஒண்ணுமே பண்ணல?” என்று கேட்டாள். அதற்கப்புறம் வரவே இல்லை.

குடவாசல் பக்கத்து ஊரில் நான் செந்தில். நிஜச் செந்தில் சிங்கப்பூரில் இருந்தார். மூன்று நாள் போட்டி. அவர் வீட்டிலேயே தங்கினேன். உள்ளே நுழைந்த நிமிஷத்திலிருந்து அவர் அம்மா என்னைச் செந்திலு என்றுதான் கூப்பிட்டார். “வீட்லயே பழகிக்கப்பா. அங்க போயி கூப்பிடறப்ப முழிச்சிக்கிட்டு நிக்காத” என்று சொல்லிச் சொல்லி விரால் மீன் குழம்பை ஊற்றினார். ஃபைனலில் இரண்டு கோல் அடித்தேன். சிறந்த ஆட்டக்காரர் கப் கொடுத்தார்கள். கப்பில் செந்தில் பெயர் இருந்ததால் அது செந்தில் வீட்டுக்குப் போனது. நான் பிரியாணிப் பார்சலோடு பஸ் ஏறினேன். நியாயம்தானே?

பிறகு முட்டி போனது. ஆட முடியாதவன் என்ன செய்வான்? சொல்லிக் கொடுப்பான். ஆறு நாள் கோர்ஸ், ஒரு விசில், ஒரு சர்ட்டிஃபிகேட். சர்ட்டிஃபிகேட்டில் என் சொந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இப்போது நாலு வருஷமாக ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு ஊர் டீமுக்குக் கோச். அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவன், காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடுகிறவன்... ஒருவன்கூட வெளியூர் இல்லை. அந்த விஷயத்தில் நான் கறார். நேர்மை, ஒழுக்கம் என்று ஆரம்பித்தேனென்றால் பந்து வெயிலில் காயும், நான் முடிக்க மாட்டேன்.

பந்து, ஜெர்சி, வேன் எல்லாம் அந்த ஊர் ரைஸ்மில் முதலாளியின் உபயம். வருஷா வருஷம் நாங்கள் முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து அவருக்குப் பொறுமை போய்விட்டது. “இந்த வருஷம் ஃபைனல் போகலன்னா, அடுத்த வருஷத்துலேருந்து கிரிக்கெட்டுங்க. பேட்டு, ஸ்டம்ப்புக்கெல்லாம் சொல்லி வச்சிட்டேன்” என்றார். மிரட்டல் இல்லை. மனுஷர் தன்மையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம்தான் போன ஞாயிற்றுக்கிழமை. அதே குடவாசல் பக்கத்து ஊர். தெரிந்தேதான் போனேன். பதினெட்டு வருஷமாகிறது, தலைமுடி பாதி போய்விட்டது, யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்ற தைரியம். பசங்களும் எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். அறுவடைக்குப் பின் வழக்கமாகத் தெளிக்கிற உளுந்தைக்கூடத் தெளிக்காமல் ஆட்டத்துக்காக விட்டிருந்த வயல். சுற்றிலும் நல்ல கூட்டம். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஃபைனல், ஜெயிக்காவிட்டால் கிரிக்கெட்.

எதிரணியில் ஒன்பதாம் நம்பர் ஒருவன். ஆதார் ஜெராக்ஸில் பெயர் பிரபு. ஜெராக்ஸ் எடுத்த ஆதாரில் எல்லா முகமும் ஒரே முகம்தான், அதைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது? இருபதாவது நிமிஷம் எங்கள் டிஃபெண்டர்கள் மூன்று பேரை உட்கார வைத்துவிட்டுக் கோல் அடித்தான். பசங்கள் கண்ணுக்கு அவன் பெரிய பிளேயர். என் கண்ணுக்கு — அவன் நான்.

எப்படிக் கண்டுபிடித்தேன்? ‘பிரபு, பிரபு’ என்று அவன் டீம்காரர்கள் கூப்பிடும்போதெல்லாம் அரை நொடி தாமதமாகத் திரும்பினான். வேறு யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அந்த அரை நொடியில்தான் நான் குடியிருந்தேன்.

இடைவேளையில் எங்கள் கேப்டன் விக்னேஷ் வந்தான். அறுவடை மெஷின் ஓட்டுகிறவன் இவன்தான்.

“சார், அந்த ஒம்பது வெளியூர்தானே?”

“ஆமா.”

“எழுதிக் குடுங்க சார். ரூல் இருக்குல்ல? அவங்க டீமத் தூக்கிட்டா நாம ஃபைனல்.”

எழுதினேன். ‘ஆள்மாறாட்டம்’ என்று எழுதும்போது என் கை நடுங்கவே இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. விக்னேஷையும் கூட்டிக்கொண்டு கமிட்டி மேஜைக்குப் போய்த் தலைவரிடம் நீட்டினேன். அவர் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

“உங்க பேரு இதுதானா சார்?”

நான் தலையை ஆட்டுவதற்குள் அவர் போனை எடுத்து ஒரு பழைய போட்டோவைக் காட்டினார். ஒரு டீம், மாலைகள், நடுவில் கப்போடு நிறையத் தலைமுடி உள்ள ஒருவன்.

“இதுல கப்பு புடிச்சிக்கிட்டு நிக்கிறது யாருங்க?”

“...செந்தில்.”

“நாந்தாங்க செந்தில்.”

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். சம்பா அறுத்த வயல், வெடிப்புகூட விட்டிருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. விக்னேஷ் என்னைப் பார்த்தான்.

செந்தில் கோபப்படவே இல்லை. எத்தனையோ நாளாகச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தவர் மாதிரி சொன்னார். “சிங்கப்பூர்லேருந்து லீவுல வர்றேன், பஸ் ஸ்டாண்டுலயே ஒருத்தரு கையப் புடிச்சிக் குலுக்குறாரு. ஃபைனல்ல ரெண்டு கோலும் பிரமாதம் தம்பிங்கிறாரு. பக்கத்து ஊர்க்காரங்க ஆடக் கூப்பிட்டாங்க. மாட்டேன்னா தலைக்கனம்பாங்க. போயி நின்னேங்க. பந்த உதைக்கிறேன்னு வயல் வரப்ப உதைச்சேன். ரெண்டு மாசம் கட்டு. நல்ல பிளேயரு, கால் ஒடைஞ்சதால ஆட்டம் போயிடுச்சுன்னு இன்னிக்கி வரைக்கும் பேசிக்கிறாங்க. அந்தப் பேருக்குத்தான் என்னையத் தலைவரா போட்டிருக்காங்க.”

பிறகு கடிதத்தைத் தட்டிக் காட்டினார். “ரூல்படி நீங்க எழுதுனது சரிங்க. விசாரிச்சா அந்தப் பையன் மாட்டிக்குவான். நீங்க ஃபைனல் போயிடலாம். மைக்ல அறிவிக்கச் சொல்லட்டுமா?”

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

இந்த இடத்தில், ‘என் மனசாட்சி உறுத்தியது’ என்று எழுத எனக்கும் ஆசைதான். வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களிடம் பொய் சொல்வானேன்? பயந்தேன். இந்தப் பக்கம் என் பழைய கதையையும் வெளியே இழுத்துப் போடக்கூடிய மைக், அந்தப் பக்கம் கிரிக்கெட் பேட். நடுவில் விக்னேஷ். நாலு வருஷம் அவனிடம் நேர்மையைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறேன்... அவன் முகத்தைப் பார்க்க அவமானமாக இருந்தது.

“நீ சொல்லு விக்னேஷ்” என்றேன்.

அவன் என்னையே திருப்பிக் கேட்டான். “சார், அன்னிக்கி ஒங்க மேல யாரும் எழுதிக் குடுக்கலயா?”

“இல்ல.”

“ஏன் சார்?”

“அவங்ககிட்டயும் ரெண்டு பேரு இருந்தாங்க.”

“நம்மகிட்ட யாரும் இல்லல்ல சார்?”

“இல்ல.”

“அப்ப ஆடியே பாத்துருவோம் சார்.”

கடிதத்தைத் திரும்ப வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். விக்னேஷ் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. கிரவுண்டுக்குத் திரும்பி நடக்கும்போது, “ஒம்பத எப்படி சார் நிறுத்துறது?” என்று மட்டும் கேட்டான்.

நாலு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு நிஜமாகவே தெரிந்த ஒன்றைக் கேட்கிறான். பசங்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். “பின்னாடி எறங்கி டிஃபென்ட் பண்ண மாட்டான். கால்ல அடிபட்டா நாளைக்கி வேற ஊரு ஆட்டம் போயிடும், அந்தப் பயம். நேத்தும் எங்கயாச்சும் ஆடியிருப்பான், கடைசிக் கால் மணி நேரம் தொடை புடிச்சிக்கும். விக்னேஷ், நீ அவன விட்டு நகராத. பிரபுன்னு சத்தம் கேக்குதா, ஒடனே அவனுக்கு முன்னாடி போயி நின்னுடு. அவன் திரும்புறதுக்குள்ள பந்து ஒன்கிட்ட இருக்கும்.”

எந்தக் கோர்ஸிலும் இது கிடையாது. ஆனால் நடந்தது. பிரபு என்று அவர்கள் கத்தக் கத்த, பந்து விக்னேஷ் காலுக்கு வந்தது. முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது அப்படி வந்த ஒரு பந்தை அவனே கொண்டுபோய் உள்ளே தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று. நான் குதித்தேன். என் முட்டி வேண்டாம் என்றது, கேட்கவில்லை.

டை-பிரேக்கர். நாங்கள் ஒரு கிக்கைக் கோட்டை விட்டோம். அவர்களுடைய கடைசி கிக், அடித்தால் அவர்கள் ஃபைனல். மைக்கில் ‘அடுத்து பிரபு’ என்றார்கள். ஒருவரும் நகரவில்லை. எல்லோரையும் போல ஒன்பதாம் நம்பரும் யார் வரப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றான். ரெஃப்ரி கையைக் காட்டி அழைத்த பிறகுதான் ஓடிவந்தான். வந்து, சுத்தமாக அடித்தான். தோற்றோம்.

ஆட்டம் முடிந்து அவனிடம் போனேன். “முட்டியப் பாத்துக்க தம்பி. பேரென்ன?”

“பிரபு சார்” என்றான், கேட்டு வாய் மூடுவதற்குள். இப்போது மட்டும் தாமதம் இல்லை.

வேன் கிளம்பும் நேரத்தில் செந்தில் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே அந்தக் கப். “அம்மா குடுத்துச்சுங்க. ஆடுனவன்கிட்டயே குடுத்துருன்னுச்சு. சாப்பிட்டானான்னும் கேக்கச் சொன்னுச்சு.” சாப்பிட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

வேனில் கப் சீட்டு சீட்டாகக் கைமாறிப் போனது. நீடாமங்கலம் தாண்டும்போது கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்: “செந்தில் சார், அந்தத் தண்ணி பாட்டில எடுங்களேன்.” வேனே சிரித்தது. நானும்தான்.

மறுநாள் காலை ரைஸ்மில் முதலாளி போன் செய்தார். விக்னேஷ் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறான். “அடுத்த வருஷமும் ஃபுட்பாலே இருக்கட்டுங்க” என்றார். எனக்கு உயிர் வந்தது. “ஆனா நாமளும் ரெண்டு ஆள எறக்கிடுவோம். ஒங்களுக்குத்தான் அந்த லைன் தெரியுமே.”

பாருங்கள், ஒரே கதை — அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம்.

பந்து கொடுக்கிற கைக்கு நான் அதுவரை மறுத்துப் பேசியதே இல்லை. “வேணாங்க. இவனுங்க தோத்தாலும் அவனவன் பேர்லயே தோக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன்.

“அப்ப அந்தப் பேட்டெல்லாம் என்ன பண்றது?” என்றார்.

“திருப்பிக் குடுத்துருங்க.”

“ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம்தான்” என்று வைத்துவிட்டார். வேலை ஒரு வருஷத்துக்கு நிச்சயம் என்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை.

கப் இப்போது எங்கள் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூசி தட்ட எடுத்த என் மனைவி அதில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கேட்டாள். “சிறந்த ஆட்டக்காரர் செந்தில்... யாருங்க இது? ஒங்களவிட நல்லா ஆடுவாரா?”

“ரொம்ப நல்லா ஆடுவான். கூப்பிட்டாத்தான் கொஞ்சம் லேட்டா திரும்புவான்.”