மறோன் பொறுக்கப் போன ஞாயிறு

பாரிஸில் லா சப்பல் மெத்ரோவின் படியிறங்கியதும் வாசம் மூக்கில் பட்டது. சுப்பர்மார்க்கெற்றிலிருந்து எப்படியோ வெளியே வந்துவிட்ட ஒரு தள்ளுவண்டில், அதற்குள் கரி எரியும் தகரப் பீப்பா, மேலே ஓட்டைத் தட்டு, தட்டு நிறைய மறோன் என்கிற செஸ்நட் கொட்டைகள். கீறிவிட்ட இடத்தில் ஓடு வெடித்து உள்ளே மஞ்சள் தெரிந்தது. புகையும் இனிப்பும் கொஞ்சம் கருகலும் கலந்த அந்த வாசம், கறிவேப்பிலைக் கட்டுகளையும் மீன் பெட்டிகளையும் பரப்பி வைத்திருக்கும் கடை வாசல்களைத் தாண்டி என் பின்னாலேயே வந்தது. வீட்டுக்குள் நுழைந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே டயறியை எடுத்து எழுதினேன்: "முதல் மறோன் வாசம். செவ்வாய். மாலை ஐந்து பத்து. வானம் வெளிப்பு." ஒவ்வொரு வருடமும் இதை எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். சிலர் பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் கீறி வைக்கிறார்கள். நான் இலையுதிர்காலம் எங்கள் தெருவுக்குள் வரும் நேரத்தைக் குறித்து வைக்கிறேன்.

பேனையை மூடவில்லை, தொலைபேசி அடித்தது. ஆர்ஜொந்தெய்யிலிருந்து மருமகள்; என் கணவரின் தங்கை றெஜினாவின் மகள். இங்கேயே பிறந்தவள். கோபம் வந்தால் பிரெஞ்சு பேசுவாள், கெஞ்ச வேண்டுமென்றால் தமிழுக்கு வருவாள். அன்று தமிழில் தொடங்கினாள்.

"மாமி, இந்த முறை அம்மாவைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதைங்கோ. முழங்கால் ஒப்பரேசன் செய்து ஆறு மாசந்தான். குளிர் வேற. சறுக்கி விழுந்தா?"

"டொக்டர் என்னவாம்?"

"நடக்கச் சொன்னவர்."

"அப்ப?"

"றோட்டில நடக்கச் சொன்னவர் மாமி, காட்டில இல்லை."

ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நானும் றெஜினாவும் மொன்மொரன்சிக் காட்டுக்கு மறோன் பொறுக்கப் போவோம். மழையிலும் போயிருக்கிறோம், ரயில் வேலைநிறுத்தத்தில் பாதி வழி நடந்தும் போயிருக்கிறோம், இதே மருமகள் ஏழு மாத வயிற்றுப் பிள்ளையாக இருந்தபோது அவளையும் சுமந்துகொண்டு போயிருக்கிறோம். இந்த வருடம் போகாமல் விடுவதா? யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்தேன். யோசிக்கவில்லை. அலுமாரியைத் திறந்தேன்.

பழைய டயறிகள் சேலைத் தட்டுக்குக் கீழே இருக்கின்றன. சேலைகளுக்கு நடுவே ஏழு காட்டு மறோன்கள் கிடக்கின்றன, வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். பூச்சி வராது. அதை எனக்குச் சொல்லித்தந்தவர் மூன்றாம் மாடியில் இருந்த பிரெஞ்சுக்கார அம்மா, எங்கள் வாயில் 'மடம்'. சொல்லித்தரும்படி நேர்ந்த கதை கொஞ்சம் வெட்கமானது.

அப்போது நாங்கள் நாலாம் மாடியில் ஒரு அறையும் ஒரு குசினியுமாக இருந்தோம். கணவருக்கு வதிவிட விசா அட்டை இருந்தது, அவரால் எனக்கும் இருந்தது. றெஜினாவுக்கு இல்லை. அவளுடைய அகதி விண்ணப்பத்தை இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். கார் து நோர் ரயில் நிலையத்தில் பொலிஸ் நின்று பேப்பர் கேட்கிறது என்று தெருவெல்லாம் கதை. கணவர் உணவகக் குசினிக்கு வேலைக்குப் போகும்போது தினமும் வாசலில் நின்று ஒரே வசனத்தைச் சொல்வார்: "றெஜி, கீழ இறங்காதை." சித்திரையிலிருந்து அவள் இறங்கவில்லை. தையல் மெஷினை யன்னலோரம் போட்டு ஊர்ப் பெண்களின் சட்டைகளைத் தைத்துக்கொண்டு, எதிரே நின்ற ஒரேயொரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மரத்தின் இலை பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து செம்மண் நிறமாகியது. "மச்சாள், இதுக்கு ஏதோ வருத்தம் போல" என்றாள் ஒருநாள். இலையுதிர்காலத்தை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

அவளுக்காகத்தான் பொறுக்கினேன். பிரெஞ்சு வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு பூங்காவில், பளபளவென்று, எண்ணெய் தடவிய மாதிரிக் கொட்டைகள் பாதையெல்லாம் உருண்டு கிடந்தன. தெருவில் வறுத்து விற்பதை இந்த நாட்டுச் சனம் மிதித்துக்கொண்டு போகிறதே என்று எனக்கு ஆச்சரியம். நாற்பத்திரண்டு பொறுக்கினேன், கைக்குட்டையில் கட்டினேன். வீட்டில் உப்பும் மஞ்சளும் போட்டுப் பலாக்கொட்டை அவிப்பது போல அவித்தேன். றெஜினா முதலாவதைக் கடித்தாள். கடித்த வேகத்தில் குசினித் தொட்டியில் துப்பினாள்.

"மச்சாள், இது வேப்பங்கொட்டைக்கு மூத்த தமையன்!"

நான் நம்பவில்லை. சுவை பார்க்காமல் ஒன்றை எழுதுவது என் வழக்கமில்லை. நானும் கடித்தேன். நாக்கு அன்று இரவுவரை எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

அவிந்த மணம் படியிறங்கிப் போக, மூன்றாம் மாடி மடம் ஏறி வந்தார். சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கையை வயிற்றில் வைத்துச் சிரித்தார். பிறகு எங்களைக் கதிரையில் இருத்தி, பிள்ளைகளுக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். இது காட்டு மறோன், நஞ்சு, அலுமாரிக்குள் வைத்தால் பூச்சி வராது, அதற்கு மட்டுந்தான் நல்லது. உருண்டையாக மொழுக்கென்று இருந்தால் தொடாதே. ஒரு பக்கம் தட்டையாக, நுனியில் சின்னக் குடுமியோடு, முள்ளம்பன்றி மாதிரி முள்ளுக் கூட்டுக்குள் இரண்டு மூன்றாக இருந்தால் சாப்பிடு. அது காட்டில்தான் கிடைக்கும். தொமோன் நிலையத்தில் இறங்கு, ஏறி நட. அந்த முழு விவரமும் குடுமியின் படத்துடன் என் டயறியில் இருக்கிறது.

மடம் போனதும் றெஜினா கேட்டாள்: "தொமோன் எவ்வளவு தூரம்?"

"அண்ணை விடமாட்டார்."

"நான் தூரந்தான் கேட்டனான்."

சனி மாலை கணவரிடம் நானே சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். "உனக்கென்ன விசரோ? பிடிச்சா நேர பிளேன்தான். ஒரு கொட்டைக்காகவோ?"

றெஜினா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஊரில பங்கருக்குள்ள இருந்தன் அண்ணை. அங்கை மேல குண்டு விழுந்தது, இருந்தன். இஞ்சை மேல இலைதானே விழுது? அதைப் பாக்கவும் பயந்து இருக்கவோ?"

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். ஞாயிறு காலை வேலைக்குப் போகும்போது வாசலில் நின்றார், வழக்கமான வசனத்தைச் சொல்லவில்லை. தன் குளிர்ச் சட்டையைக் கொளுவியிலேயே விட்டுவிட்டு மெல்லிய கம்பளிச் சட்டையுடன் இறங்கிப் போனார். றெஜினாவிடம் குளிர்ச் சட்டை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

கார் து நோரைத் தவிர்த்து பஸ்ஸில் சென் தெனி போய், அங்கே ரயில் எடுத்தோம். முழங்கால்வரை தொங்கும் அண்ணனின் சட்டைக்குள் றெஜினா கண்ணாடியோரம் முகத்தை ஒட்டிக்கொண்டு இருந்தாள். காட்டுக்குள் போனதும் அரை வருடப் பேச்சும் வந்துவிட்டது. கணுக்கால் புதையும் இலைக்குள் வேண்டுமென்றே காலை இழுத்து இழுத்து நடந்தாள். பிறகு ஒரு பெரிய மறோன் மரத்தைக் கண்டாள், மேலே பார்த்தாள், கீழே கிடந்த தடியை எடுத்தாள், நாங்கள் மாங்காய்க்கு எறிவது போல விசுக்கென்று எறிந்தாள். முள்ளுக் கூடுகள் சடசடவென்று எங்கள் தலையிலேயே விழுந்தன. மாங்காய்க்கு முள் இல்லை என்பதை இருவரும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தோம்.

பக்கத்தில் கூடையும் உயரச் சப்பாத்துமாக நின்ற ஒரு பிரெஞ்சுக்காரர் மிக மரியாதையாகச் சொன்னார்: "கொஞ்சம் காத்திருந்தால் அதுவாகவே விழும், மடம்."

நான் மொழிபெயர்த்தேன். றெஜினா தலைமயிரிலிருந்து முள்ளுக் கூட்டைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்: "காத்திருந்தது காணுமெண்டு அந்தாளுக்குச் சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன். அவள் அடுத்த தடியை எறிந்தாள்.

திரும்பி வரும்போது இரண்டு துணிப்பைகள் நிறைந்திருந்தன. தொமோன் மேடைக்கு வரவும் ரயில் வரவும் சரியாக இருந்தது. ஓடி ஏறினோம், கதவு மூடியது, இருந்தோம். நான் பையை மடியில் வைத்து ரிக்கற்றை எடுத்துப் பார்த்தேன். மேடையில் இருந்த மஞ்சள் பெட்டியில் ரிக்கற்றைக் குத்த மறந்துவிட்டேன். பால் பெட்டியின் திகதியை இரண்டு தரம் வாசிக்கிற நான், போகும் ரிக்கற்றைக் குத்தினேன், வரும் ரிக்கற்றைக் குத்தவில்லை. குத்தாத ரிக்கற் ரிக்கற்றே இல்லை. அடுத்த பெட்டியின் கண்ணாடிக்குள் ரிக்கற் பரிசோதிக்கும் கொன்ரோலரின் தொப்பி தெரிந்தது.

"என்ன மச்சாள்?"

சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன், ஏனென்றால் நிலையத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலை முழுவதும் வாசித்தவள் நான் ஒருத்திதான். "மறந்திட்டமெண்டு நாங்களாப் போய்ச் சொன்னா, பேனையால நேரத்தை எழுதி விடுவினம். அவை எங்களிட்ட வந்து கண்டுபிடிச்சா அபராதம். அபராதமெண்டா பேர், விலாசம், பேப்பர்."

"அப்ப போய்ச் சொல்லுவம்."

"நீர் இரும். நான் போறன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் கால் எழும்பவில்லை. அட்டை இருந்த எனக்குக் கால் எழும்பவில்லை.

றெஜினா என் கையிலிருந்து இரண்டு ரிக்கற்றுகளையும் எடுத்தாள். ஆறு மாதமாக யன்னல் திரைக்குப் பின்னால் நின்று சீருடைகளை எண்ணியவள், தானாக எழுந்து, ஒரு சீருடையை நோக்கி நடந்து போனாள். கம்பிக்குக் கம்பி பிடித்துக்கொண்டு, அண்ணனின் சட்டை முழங்காலில் அடிக்க. கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். "பொன்ஜூர் மிசியே" என்று வாய் அசைந்தது. மறந்துவிட்டேன் என்ற சொல்லை நான் வரும் வழியில்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். அதைச் சொன்னாள். பிறகு கையால் மஞ்சள் பெட்டியைச் செய்து காட்டி, மற்றக் கையால் ரிக்கற்றை அதற்குள் விட்டு, தலையை இல்லை என்று ஆட்டினாள். அவர் பார்த்தார். சட்டைப்பையில் கை விட்டார். பேனையை எடுத்தார்.

திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்து, ரிக்கற்றுகளை என் மடியில் வைத்தாள்.

"மச்சாள், அவன்ரை பேனை எழுதேல்லை. ரெண்டு தரம் உதறினவன். அந்த ரெண்டு உதறலுக்குள்ள என்ரை சீவன் போய் வந்தது."

ரிக்கற்றில் நீல மையில் இருந்தது: மூன்று ஐம்பத்திரண்டு. எங்கள் பெட்டி வழியாக இறங்கிப் போகும்போது அந்தக் கொன்ரோலர் பையைக் குனிந்து பார்த்து, தண்ணீரில் போடுங்கள், மிதப்பதை எறியுங்கள், அதில் புழு என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரில் போட்டோம். பதினாறு மிதந்தன. மிச்சத்தை அவித்து உரித்து, வறுத்த தூளும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பலாக்கொட்டைக் கறி மாதிரி றெஜினா சமைத்தாள். கணவர் வந்தார், ரிக்கற் கதையைக் கேட்டார், கத்தினார், பிறகு சாப்பிட இருந்தார். சாப்பாட்டுக் கோப்பை வெறுமையானதும் சட்டியைப் பார்த்தார்.

"இன்னும் கிடக்கோ?"

அடுத்த ஞாயிறு றெஜினா கோவிலுக்கு இறங்கினாள். அதற்கடுத்த வாரம் தையல் நூலைத் தானே போய் வாங்கினாள். பயமில்லை என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. பயத்தையும் கூட்டிக்கொண்டு நடந்தாள், அவ்வளவுதான். அவளுக்கு அட்டை கிடைக்க இன்னும் இரண்டு இலையுதிர்காலம் ஆனது. அந்த வருடங்களை இருண்ட வருடங்கள் என்று எங்கள் ஆட்கள் மேடையில் பேசுவார்கள். பேசட்டும். என் டயறியில் அந்த வருடங்களில் மறோன் கறி இருக்கிறது, பூசணிக்காய்ப் பால்கறி இருக்கிறது, மடத்தின் வயிற்றுச் சிரிப்பு இருக்கிறது. அவற்றை வெட்டி எறிய எனக்குச் சம்மதமில்லை.

டயறியை மூடிவிட்டு ஆர்ஜொந்தெய்க்குத் தொலைபேசி எடுத்தேன். றெஜினாவே எடுத்தாள். நான் வாய் திறக்க முன்னமே சொன்னாள்: "மகள் என்ரை சப்பாத்தை ஒளிச்சிட்டாள். மருமோன்ரை சப்பாத்து அளவு. அதைப் போட்டுக்கொண்டு வாறன்."

ஞாயிறு காலை கார் து நோரில், பெரிய மணிக்கூட்டுக்கு நேர் கீழே, சனத்துக்கு நடுவில் சந்தித்தோம். இப்போது அங்கேதான் சந்திப்போம், வேறெங்கும் இல்லை. மருமகளும் வந்திருந்தாள், தாயின் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு, முகத்தை நீட்டிக்கொண்டு. தொமோனில் இறங்கினோம். மூன்றாம் மாடி மடம் போய்ப் பல வருடங்கள். எங்கள் பழைய கட்டடத்தில் இப்போது குசினிகளில் நெருப்பே இல்லை, மின்சாரத் தட்டுத்தான். கடதாசி ரிக்கற்றும் போய்விட்டது, எல்லோரிடமும் ஒரே அட்டை. மேடையில் றெஜினா அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் தூண் பக்கம் திரும்பினாள். மஞ்சள் பெட்டி இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. ஒரு ஓட்டைக்குள் சின்னி விரலை விட்டுப் பார்த்தாள்.

"கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள்" என்றேன்.

"போகட்டும். நாங்கள் வந்திட்டமெல்லே" என்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "ஒரு நல்ல தடியாப் பாத்து எடு பிள்ளை."